சின்னப் பானைக்குச் சின்னக் கரண்டியா?

ஜவ்வாது மலையிலே, காவலூரிலே, ஒரு பெரிய கண் இருக்கிறது. ஊரெல்லாம் உறங்கும் வேளையில் விழித்திருக்கும் கண்! 2.34 மீட்டர் அகல ஆடி பொருத்திய தொலைநோக்கி அது. 1986ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பட்டது. வைணு பாப்பு வானாய்வகம் என்பது அந்த இடத்தின் பெயர். அதற்கு முன்பே, 1977ஆம் ஆண்டிலேயே, யுரேனஸ் என்னும் கோளுக்கு வளையங்கள் உண்டு என்பதற்கான சான்றைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. கதிரவனிலிருந்து ஏறத்தாழ 287 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் சுற்றும் கோள். அதைச் சுற்றிய மெல்லிய வளையம்! அதையும் பார்த்துவிட்டது ஜவ்வாது மலை.

பெருமைதான். மறுப்பாரில்லை. ஆனால், தோழர்களே, அந்த ஆடியின் காலடியிலே வாழ்கிறார்களே மலையாளிப் பழங்குடி மக்கள், அவர்களைப் பார்க்க நம்மிடம் இருக்கும் ஆடி எது? சாமை விதைத்து, புளி உலுக்கி, தேன் எடுத்துப் பிழைக்கும் அந்தக் குடும்பங்களில் எத்தனை தாய்மாருக்குச் சோகை? எத்தனை குழந்தைகள் வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாமல் குன்றிக் கிடக்கின்றன? எத்தனை பேறு மருத்துவமனையில், எத்தனை பேறு வழியிலே?

தேசியக் குடும்ப நல ஆய்வு என்று ஒன்று 1992ஆம் ஆண்டு தொடங்கி நடந்து வருகிறது. அதன் ஏட்டைப் புரட்டுங்கள். நாட்டுக்கு எண் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு எண் இருக்கிறது. மாவட்டத்துக்கு எண் இருக்கிறது. மலைக்கு? இல்லை! மாவட்டத்துத் தாளிலே பழங்குடியினருக்கென்று தனி வரியே கிடையாது. அந்த ஆய்விலே ஒரு விதியும் உண்டு. ஒரு கேள்விக்கு விடை சொன்னவர்கள் 25 பேருக்குக் குறைந்தால் அந்த எண்ணை அச்சிடுவதில்லை. அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு விடுவார்கள்.

மலைமேல் நின்றால் வானத்திலே நட்சத்திரம். மலைமக்களைத் தேடினால் அட்டவணையிலே நட்சத்திரம்!

யாரோ வஞ்சம் நினைத்துச் செய்த சதி என்று நான் இதைச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிவிட்டால் கைதட்டல் கிடைக்கும், விளக்கம் கிடைக்காது. எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்து கொண்டால்தான், எங்கே அது பிறக்காமல் போகிறது என்பதும் தெரியும். அதற்கு முன் என் தவறொன்றைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு ஜமுனாமரத்தூரில் ஒரு கூட்டம். பேருந்திலே மலையேறினேன். வழியெல்லாம் பார்த்தேன். சாலை நன்றாக இருந்தது, பள்ளிக்கூடம் தெரிந்தது, சீருடையிலே பிள்ளைகள் நடந்தார்கள். மேடையேறியதும் முழங்கினேன்: "இந்த மலை மாறிவிட்டது! கண்ணாரக் கண்டேன்!" கூட்டம் முடிந்தது. முன்வரிசையிலே அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் அருகே வந்தார். சிரித்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, பஸ்ஸு போற ஊரைத்தானே பாத்தீங்க? பஸ்ஸு போவாத ஊரு எத்தினின்னு கேட்டீங்களா?"

எனக்கு விடை தெரியவில்லை. "மன்னிக்கணும் பெரியவரே" என்றேன்.

அவர் படித்தவரா, பட்டம் பெற்றவரா, நானறியேன். ஆனால் புள்ளியியலின் முதற்பாடத்தை இரண்டே வரியில் சொல்லிவிட்டார். எளிதில் கைக்குக் கிடைத்ததை எடுத்து, அதுவே எல்லாம் என்று சொல்லாதே! இதே மலையைச் சேர்ந்த ஸ்ரீபதி என்னும் பழங்குடிப் பெண் சிவில் நீதிபதித் தேர்வில் வென்ற செய்தி 2024இல் வந்தது. தமிழகமே மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். ஆனால் ஒருவர் நீதிபதியானார் என்பதாலே மலை முழுவதும் படித்துவிட்டது என்று எழுதினால் அது கணக்காகுமா? ஒரு பூ பூத்ததைச் சொல்லலாம். தோட்டத்தின் நிலையைச் சொல்ல ஒரு பூ போதாது.

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அது பொய்யா?" என்று கேட்பீர்கள். பொய்யல்ல. ஆனால் அந்தப் பழமொழி சொன்ன தாய், பானையைக் கிளறிவிட்ட பிறகுதான் பருக்கையை எடுத்தாள். மேலே உள்ளது வெந்து, அடியிலே உள்ளது வேகாதிருந்தால் ஒரு சோறு ஏமாற்றும். ஆகவே முதல் நெறி: கிளறி எடு. கணக்கு அறிந்தவர்கள் அதைத்தான் சீட்டுக் குலுக்கி எடுப்பது என்கிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் சீட்டிலே இடம் இருக்க வேண்டும். எடுப்பவனுடைய விருப்புக்கு அங்கே இடம் இருக்கக் கூடாது.

இரண்டாவது நெறி, எத்தனை எடுப்பது என்பது. மண்டியிலே மூட்டை தூக்கும் தோழர்களுக்கு இது நன்றாக விளங்கும். ஒரு சாமை மூட்டை. நன்றாகக் கலந்த மூட்டை. அதிலே நூற்றுக்கு 30 பதர் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் நமக்கு அது தெரியாது. நூறு தோழர்களைக் கூப்பிட்டு, ஆளுக்கு நூறு மணி எடுத்துப் பதரை எண்ணச் சொல்கிறோம். எல்லாரும் 30 என்றா சொல்வார்கள்? ஒருவர் 27 என்பார்; ஒருவர் 34 என்பார்; எங்கோ ஒருவர் 40 என்றுகூடச் சொல்வார். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவரும் திருடவில்லை. கை வேறு, ஆகவே கணக்கு வேறு!

ஆனால் வியப்பைப் பாருங்கள். அந்த நூறு விடைகளையும் வரிசையாக அடுக்கினால் அவை தாறுமாறாகச் சிதறுவதில்லை. 30ஐச் சுற்றிக் கும்பலாகக் கூடும்; தள்ளிப் போகப் போகக் குறையும். ஏறத்தாழ 95 பேருடைய விடை 21க்கும் 39க்கும் நடுவே நிற்கும். இந்தக் கும்பலுக்குத்தான் கூறெடுப்புப் பரவல் என்று பெயர். ஒரே மூட்டையிலிருந்து மீண்டும் மீண்டும் மாதிரி எடுத்தால் விடைகள் எப்படிப் பரந்து நிற்கும் என்று காட்டும் படம் அது. அதன் அகலத்தை அளக்கும் கோலுக்குத் திட்டப் பிழை என்று பெயர். பிழை என்றால் குற்றமல்ல. தற்செயலால் நேரும் தடுமாற்றம்.

இப்போது ஆளுக்கு நூறு மணிக்குப் பதில் நானூறு மணி எடுக்கச் சொல்லுங்கள். 95 பேர் விடை நூற்றுக்கு 25க்கும் 35க்கும் நடுவே நெருங்கி வந்துவிடும். உழைப்பு நான்கு மடங்கு, தடுமாற்றம் பாதி. இதுதான் கணக்கின் கறார் விலை. தடுமாற்றத்தைப் பாதியாக்க வேண்டுமா? நான்கு மடங்கு மாதிரி கொடு!

இதிலே ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. கவனியுங்கள். நான் மூட்டையின் அளவைச் சொன்னேனா? இல்லை. மூட்டை பத்தாக இருந்தாலும், மண்டி நிறைய இருந்தாலும், நன்றாகக் கலந்திருந்தால் நானூறு மணியின் தடுமாற்றம் அதேதான். பானை பெரிதானால் கரண்டி பெரிதாக வேண்டியதில்லை! அதனால்தான் பல கோடி மக்களுள்ள நாட்டைச் சில இலட்சம் வீடுகளில் விசாரித்து அறிய முடிகிறது.

கரண்டி பெரிதாக இருந்தால் மட்டும் போதும் என்று நினைத்துக் கெட்டவர்களும் உண்டு. 1936ஆம் ஆண்டு அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் தேர்தல். லிட்டரரி டைஜஸ்ட் என்ற ஏடு ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது. இருபது இலட்சத்துக்கும் மேலான பதில் வந்தது. "லாண்டன் வெல்வார்" என்று ஓங்கி அடித்துச் சொன்னது. நடந்தது என்ன? 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் அள்ளிச் சென்றார்! ஏன்? அட்டை போனது தொலைபேசிப் பட்டியலிலும் மோட்டார் வண்டிப் பட்டியலிலும் இருந்தவர்களுக்கு. வறுமை வாட்டிய காலத்தில் தொலைபேசி வைத்திருந்தவன் யார்? பதில் எழுதிப் போட்டவன் யார்? பாட்டாளி அந்தப் பட்டியலிலேயே இல்லை! அதே தேர்தலில், அதைவிட மிகச் சிறிய மாதிரியை முறையாக எடுத்த காலப் என்பவர் வெல்பவரைச் சரியாகச் சொன்னார். பேருந்து போகும் ஊரை மட்டும் பார்த்த என் கதையும், லிட்டரரி டைஜஸ்ட் கதையும் ஒன்றுதான்.

நம் நாட்டிலும் முன்பு விளைச்சலைக் கண்ணால் பார்த்தே மதிப்பிட்டார்கள். "பதினாறு அணா விளைச்சல், பன்னிரண்டு அணா விளைச்சல்" என்று கிராம அதிகாரி வரப்பில் நின்று சொல்வார், அதுவே கணக்கு. அதை மாற்ற முனைந்தவர்களில் முதன்மையானவர் வங்கத்து மகலனோபிஸ். 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். சணல் வயல்களிலே சீட்டுக் குலுக்கி மாதிரி எடுத்து விளைச்சலைக் கணித்தார். 1950இல் தேசிய மாதிரி ஆய்வு அவர் முயற்சியில் பிறந்தது. உலகம் வியந்து பார்த்த வேலை அது. ஆகவே மாதிரி ஆய்வு நமக்கு எதிரியல்ல, ஏழையின் வாயிலைத் தட்டி "நீ என்ன உண்டாய்?" என்று கேட்க அரசுக்குக் கிடைத்த கருவி. அந்தக் கருவி ஜவ்வாது மலைக்கு வரும்போது என்ன ஆகிறது என்பதுதான் என் வழக்கு.

கணக்கைப் போடுவோம். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது குடும்ப நல ஆய்வு நாடெங்கும் 6,36,699 வீடுகளில் விசாரித்தது. மாவட்டங்கள் 707. ஆக, ஒரு மாவட்டத்துக்குச் சராசரி 900 வீடு. 900 வீட்டில் கேட்டு "பாதிப் பேர்" என்று விடை வந்தால், தடுமாற்றம் மூன்று புள்ளி அளவுதான்: ஏறத்தாழ 47க்கும் 53க்கும் நடுவே உண்மை இருக்கும். கொத்துக் கொத்தாக வீடுகளை எடுப்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். மாவட்டத்துக்கு இது நல்ல கணக்கு. நாணயமான கணக்கு.

இனி மலைக்கு வாருங்கள். ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பிரிந்து கிடக்கிறது. மூன்றிலும் மலைமக்கள் சிறுபான்மையினரே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி திருவண்ணாமலை மாவட்ட மக்கள் ஏறத்தாழ 24 இலட்சத்து 65 ஆயிரம். அவர்களில் பழங்குடியினர் ஏறத்தாழ 90 ஆயிரம். நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை! அவர்களிலும் இருளர் போன்றோர் பலர் சமவெளியில் வாழ்கிறவர்கள். அத்தனை பேரையும் மலைக்கே சேர்த்துத் தாராளமாகக் கணக்கிட்டாலும், 900 வீட்டில் மலையின் பங்கு 33 வீடு.

முப்பத்து மூன்றே வீடு! அதில் "பாதிப் பேர்" என்று விடை வந்தால், உண்மை 33ஆகவும் இருக்கலாம், 67ஆகவும் இருக்கலாம். மூன்றில் ஒருவர் என்பதற்கும் மூன்றில் இருவர் என்பதற்கும் வேறுபாடு தெரியாத கணக்கு! அதிலும் இந்த ஆய்வு ஒரு கிராமத்தைத் தேர்ந்தால் அங்கே 22 வீடுகளை எடுக்கும். ஆகவே 33 வீடு என்பது ஒன்றிரண்டு ஊர். சீட்டு ஜமுனாமரத்தூரின் மேல் விழுந்தால் மலை வாழ்கிறது. நடந்தே போக வேண்டிய குக்கிராமத்தின் மேல் விழுந்தால் மலை வாடுகிறது. எந்த ஊரின் மேலும் விழாவிட்டால் மலையே இல்லை! கேள்வியைச் சுருக்குங்கள். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகளுக்குத் தடுப்பூசி முழுவதும் போட்டாயிற்றா என்று மட்டும் கேளுங்கள். 33 வீட்டில் அந்த வயதுக் குழந்தைகள் எத்தனை இருக்கும்? இரண்டோ மூன்றோ. அங்கே பிறக்கிறது அந்த நட்சத்திரம்.

இன்னொன்று. வேலை தேடி மலையிறங்கிப் போனவர்களின் வீட்டுக் கதவு பூட்டிக் கிடக்கும். விசாரிக்க வந்தவர் தட்டுவார், திறக்க ஆளில்லை. பதில் சொன்னவர்கள் எல்லாரும் வீட்டில் இருந்தவர்கள். கேட்கப்படாமல் போனவர்கள், வறுமை விரட்டியவர்கள். 2015 ஏப்ரல் 7ஆம் நாளை மறந்திருக்க மாட்டீர்கள். ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டிலே, செம்மரம் வெட்டினார்கள் என்று கூறி, 20 தமிழ்த் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, அவர்களில் ஜவ்வாது மலைப் பகுதியினரும் உண்டு. "ஏன் அங்கே போனார்கள்?" என்று அன்று நாடே கேட்டது. மலையிலே ஆண்டில் எத்தனை மாதம் வேலை, எத்தனை குடும்பம் வெளியே போகிறது, என்ன கூலிக்குப் போகிறது என்று முன்பே அளந்து வைத்திருந்தால் பிணத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டிய நிலை வந்திருக்காது. அளக்காத துன்பத்துக்கு அரசின் வரவு செலவுத் திட்டத்தில் தலைப்பு கிடையாது!

இப்போது நம் இயக்கத் தோழர் ஒருவர் எழுந்து கேட்பார்: "நாம்தானே விகிதாசாரம் கேட்டவர்கள்? மக்கள் தொகையில் நான்கு பங்கு என்றால் மாதிரியிலும் நான்கு பங்கு கொடுத்தாயிற்றே! அதுதானே நீதி?"

நல்ல கேள்வி. 1921இல் நீதிக்கட்சி ஆட்சி வகுப்புவாரி ஆணையைப் பிறப்பித்த நாள் முதலாகப் பங்கு கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பதவியிலே பங்கு, படிப்பிலே பங்கு. அங்கே விகிதாசாரம் நீதி. ஏனென்றால் அங்கே பகிரப்படுவது சோறு. ஆனால் மாதிரியில் பகிரப்படுவது சோறல்ல, பார்வை! நான்கு பேருள்ள வீட்டுக்குக் கால் விளக்கும், நாற்பது பேருள்ள வீட்டுக்கு முழு விளக்கும் கொடுத்தால் அது நீதியா? இருட்டு இரண்டு வீட்டிலும் ஒரே இருட்டுத்தானே! பானை பெரிதானால் கரண்டி பெரிதாக வேண்டியதில்லை என்றேன். அதன் மறுபக்கத்தையும் சொல்கிறேன்: பானை சிறிதானதால் கரண்டி சிறிதாகிவிடக் கூடாது! 24 இலட்சம் பேருள்ள மாவட்டத்தை அறிய எத்தனை வீடு வேண்டுமோ, ஏறத்தாழ அத்தனை வீடு சில பத்தாயிரம் பேருள்ள மலையை அறியவும் வேண்டும். இது அரசியல்வாதியின் ஆசையல்ல, கணக்கின் கட்டளை.

வழி இருக்கிறதா? இருக்கிறது. புள்ளியியலார் நெடுநாளாய் அறிந்த வழி. மலையைத் தனி அடுக்காகப் பிரி. அதற்கென்று 33 அல்ல, 400 வீடு எடு. ஒன்றிரண்டு ஊரில் கொத்தாக அள்ளாமல், பேருந்து போகும் ஊர், போகாத ஊர் எல்லாவற்றையும் சீட்டிலே சேர்த்து எடு. பரவலாக எடுத்தால் தடுமாற்றம் ஐந்து புள்ளிக்கு இறங்கும். "மலைக்கு 400 எடுத்தால் மாவட்டச் சராசரி கெடுமே" என்பார்கள். கெடாது. சராசரி போடும்போது ஒவ்வொரு மலைவீட்டின் விடைக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு எடை கொடுத்தால் 400 மீண்டும் 33ஆகிவிடும். மாவட்டக் கணக்கும் கெடவில்லை. மலையும் கண்ணுக்குத் தெரிந்தது!

"செலவாகுமே" என்பார்கள். ஆகும். சில நூறு வீடுகளுக்கு நடந்து போகும் செலவு. எங்கே சோகை, எங்கே பசி என்று தெரியாமல் திட்டம் தீட்டிக் கொட்டும் பணத்தை விடவா அது பெரிது? "முழுக் கணக்கெடுப்பு வரட்டும்" என்பார்கள். 2011க்குப் பிறகு 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்து 2025 ஜூனில் அறிவிக்கை வெளியிட்டார்கள். சாதியையும் எண்ணுவோம் என்றார்கள். எண்ணட்டும், அது நம் நெடுநாள் கோரிக்கை. மாதிரி ஆய்வுக்கு ஊர் தேர்ந்தெடுக்கும் பட்டியலே அந்தக் கணக்கெடுப்பிலிருந்துதான் வருகிறது. 2011ஆம் ஆண்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு பின்னாளில் பிரிந்த குக்கிராமத்தை எப்படித் தேடுவது? ஆகவே அதுவும் வேண்டும். ஆனால் மக்களை எண்ணுவது வேறு, மக்களின் நலத்தை அளப்பது வேறு. பத்தாண்டுக்கு ஒரு முறை தலையை எண்ணுகிறவர் தாயின் குருதியைச் சோதிப்பதில்லை. குழந்தையை எடை போடுவதில்லை.

தோழர்களே! இனி மேடையிலோ ஏட்டிலோ யாராவது ஓர் எண்ணை வீசினால், அவர் நம்மவராயினும் மாற்றாராயினும், மூன்று கேள்வி கேளுங்கள். யாரைக் கேட்டீர்கள்? எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? எத்தனை புள்ளி தடுமாற்றம்? மூன்றுக்கும் விடை இருந்தால் எண்ணை மதியுங்கள். நமக்குக் கசந்தாலும் மதியுங்கள். விடை இல்லையென்றால் அது எண்ணல்ல, எதுகை! மாவட்டம் முன்னேறியது என்று படித்துவிட்டு மலை முன்னேறியது என்று பேசாதீர்கள். மலையில் ஒரு குடிசையைப் பார்த்துவிட்டு மலை முழுவதும் குடிசை என்றும் பேசாதீர்கள். இரண்டும் ஒரே பிழை. அந்தப் பிழையைச் செய்தவன் நான், ஆகையால் சொல்கிறேன்.

காவலூருக்கே திரும்புவோம். மங்கலான விண்மீனைப் பார்க்க வேண்டுமானால் வானாய்வாளர் என்ன செய்கிறார்? "மங்கல்தானே, இதற்குச் சின்ன ஆடி போதும்" என்றா சொல்கிறார்? இல்லை! மங்க மங்க ஆடியைப் பெரிதாக்குகிறார், நேரத்தைக் கூட்டுகிறார், இரவு முழுவதும் விழித்திருக்கிறார். ஒளி குறைந்ததற்கே அதிக உழைப்பு!

அந்த நெறியை விண்ணுக்குக் கற்றுக் கொடுத்த மலை அது. அந்த மலையின் மக்களுக்கும் அதே நெறிதான் கேட்கிறோம். அட்டவணையில் அவர்களுக்கு நட்சத்திரம் வேண்டாம். எண் வேண்டும்!